கிளி மூக்கு: உரிவது, வளர்வது, பயப்பட வேண்டியது

மேலலகின் ஓரத்தில் மெல்லிய செதில் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால் புதிதாகக் கிளி வளர்ப்பவர் பதறிப்போவார். அதே ஆள், அலகு மெல்ல மெல்ல நீண்டு நெஞ்சை நோக்கி வளைந்து இறங்குவதை மாதக்கணக்கில் கவனிக்காமல் இருப்பார். முன்னது பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. பின்னது கல்லீரல் கெட்டுப்போனதன் முதல் அடையாளமாக இருக்கலாம். பயம் இப்படித் தலைகீழாக இருப்பதற்குக் காரணம், நல்ல அலகு எப்படி இருக்கும் என்று நாம் உட்கார்ந்து பார்க்காததுதான்.

முதலில் அலகு எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால் பாதிக் கேள்விகள் தானாகவே போய்விடும்.

அலகை வெறும் கொம்பு என்று நினைப்பவர்கள் நிறைய. உள்ளே எலும்பு இருக்கிறது, அதுவும் எடை குறைவான, உள்ளே அறை அறையாகக் காற்றிடம் உள்ள எலும்பு. அதன்மேல் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் மெல்லிய உயிர்த்தோல். அதற்கும் மேலேதான் நாம் கண்ணால் பார்க்கும் கெட்டியான உறை. நம் நகத்தைப் போல இதுவும் கெரட்டின் என்ற கெட்டியான புரதத்தால் ஆனது. மேலலகு முகத்தோடு சேரும் அடிப்பகுதியில், நாசித்துளைகளைச் சுற்றி மெத்தென்று ஒரு பட்டை இருக்கும். வளர்ப்பவர்கள் இதை ‘சியர்’ என்பார்கள்; இங்கே மூக்குப்பட்டை என்று சொல்லிக்கொள்வோம். பட்ஜியில் (பேச்சுவழக்கில் பலரும் லவ் பேர்ட்ஸ் என்று அழைப்பது இதைத்தான்) இது பளிச்சென்று தெரியும், அமேசான் கிளியில் சிறு முடிகளுக்கு நடுவே கொஞ்சம் மறைந்திருக்கும், சில இனங்களில் இறகு மூடிவிடுவதால் பார்க்கவே முடியாது.

உறை வளர்வது பெரும்பாலும் இந்த அடிப்பகுதியிலிருந்துதான். புதுக் கெரட்டின் அங்கே உருவாகி நுனியை நோக்கி நகர்கிறது. கூடவே கீழே இருக்கும் உயிர்த்தோலிலிருந்தும் புது அடுக்குகள் மேலெழும்பி வருகின்றன. கீழிருந்து அடுக்கு ஏறிக்கொண்டே இருந்தால் மேலே இருக்கும் பழைய அடுக்கு எங்கே போவது? உரிந்துதான் ஆக வேண்டும். பெரிய கிளிகளில் மேலலகின் உறை முழுவதும் புதிதாக மாற சுமார் 6 மாதம் ஆகும். கீழலகு இன்னும் வேகம், 2 முதல் 3 மாதத்தில் மாறிவிடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலலகின் அடியில் இன்று ஒரு கீறல் விழுந்தால், அது மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நுனியை நோக்கி இறங்கி, ஒருநாள் காணாமல் போய்விட வேண்டும். இறங்குகிறது என்றால் அது பழைய காயத்தின் தடம். மாதங்கள் கழிந்தும் அதே இடத்தில் நிற்கிறது, மேலிருந்து திரும்பத் திரும்ப உருவாகிறது என்றால், வளரும் இடத்திலேயே கோளாறு இருக்கிறது.

நுனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே தொடுவுணர்வு நரம்பு முனைகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. கிளி எதையும் முதலில் அலகால் தொட்டுப் பார்ப்பது அதனால்தான். அது உங்கள் விரலை மெல்லப் பற்றி அழுத்தம் பார்ப்பதை ‘கடிக்க வருகிறது’ என்று நினைத்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்பவர்கள், நாளடைவில் அதற்கு உண்மையாகவே கடிக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். அது வேறு கதை. இங்கே வேண்டியது இவ்வளவுதான்: நுனிக்குச் சற்று உள்ளே உயிருள்ள திசு இருக்கிறது, அதை வெட்டினால் ரத்தம் வரும், வலிக்கும்.

ஒரு சூரியகாந்தி விதை

கிளி ஒரு சூரியகாந்தி விதையை உடைப்பதை அரை அடி தூரத்தில் இருந்து பாருங்கள். தடித்த நாக்கு விதையை உருட்டி உருட்டிக் குறுக்குவாட்டில் கொண்டுவருகிறது. மேலலகின் உட்புறத்தில், வளைவுக்குச் சற்றுப் பின்னால், அரம் போலக் குறுக்குக் கோடுகள் உள்ள ஒரு படி இருக்கிறது. விதை அந்தப் படியில் போய் முட்டி நிற்கும். கீழலகின் விளிம்பு உளி போல வந்து விதையின் தையலில் சரியாக உட்காரும். ஒரு சின்ன அழுத்தம், தோல் இரண்டாகப் பிளக்கும், நாக்கு பருப்பை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். தோல் உங்கள் சட்டையில் விழும்.

இதில் கவனிக்க வேண்டியது, கீழலகின் உளி விளிம்பும் மேலலகின் அரப் பகுதியும் ஓயாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருப்பது. இரவு தூங்கப் போகும் முன் கிளி கண்ணைச் செருகிக்கொண்டு ‘கர்ர்... கர்ர்’ என்று அலகை அரைக்கும் சத்தமும் இதே உரசல்தான். நோயில்லை, கோபமில்லை, நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். அலகைத் தேய்த்து அளவில் வைத்திருப்பது முதன்மையாக அலகே. மரம் கடிப்பதும், கொட்டை உடைப்பதும், சாப்பிட்ட பிறகு குச்சியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொள்வதும் கூடுதல் உதவி.

அதனால்தான் கணவாய் ஓடு மாட்டிவைத்தால் அலகு தேய்ந்துவிடும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. கணவாய் ஓடு நல்ல கால்சியம், குறிப்பாக முட்டையிடும் பெட்டைக்குத் தேவை. ஆனால் நகத்தால் கீறினாலே உதிரும் அந்த மென்மையான பொருள் கெரட்டினை என்ன தேய்க்கும்? குச்சியின்மேல் சுற்றும் உப்புத்தாள் உறைகள் இன்னும் மோசம். அலகுக்கு ஒரு பயனும் இல்லை, உள்ளங்காலைத்தான் புண்ணாக்கும். சிமெண்டுக் குச்சி வேண்டுமானால் ஒன்று வைக்கலாம், சாப்பாட்டுக் கிண்ணத்தின் பக்கத்தில். கிளி இரவு முழுக்க உட்கார்ந்து தூங்கும் உயரமான இடத்தில் வைக்கக் கூடாது.

விதை உடைப்பதைப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும். நமக்குக் கீழ்த்தாடை மட்டும்தான் அசையும். கிளிக்கு மேலலகும் அசையும். நெற்றியும் அலகும் சேரும் இடத்தில் கீல் போன்ற ஒரு மூட்டு இருக்கிறது. கொட்டாவி விடும்போது மேலலகு முழுவதும் மேலே தூக்கி, நெற்றியில் ஒரு மடிப்பு விழும். முதல் தடவை பார்ப்பவருக்கு அலகு கழன்றுவிட்டது போலத் தோன்றும். கழலவில்லை. கொட்டாவி முடிந்ததும் ‘டக்’கென்று தன் இடத்துக்கு வந்துவிட்டால் எல்லாம் சரி. வாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு மூட முடியாமல் தவித்தால், அலகோடு சேர்ந்து அசையும் அண்ணத்து எலும்பு இடம் பிசகியிருக்கலாம். மக்காவ்களில் இது நடப்பதுண்டு. அன்றே மருத்துவரிடம் போக வேண்டியது அது.

நிறம் இனத்துக்கு இனம்

‘அலகு இந்த நிறத்தில் இருக்கலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த இனம், என்ன வயது, சிலவற்றில் ஆணா பெண்ணா என்பதும் தெரிய வேண்டும்.

கழுத்தில் வளையம் உள்ள பச்சைக்கிளிக்கு மேலலகு சிவப்பு. கீழலகு கருமையாகவோ சிவப்பாகவோ இருக்கும், உள்ளினத்தைப் பொறுத்தது. குஞ்சில் அந்தச் சிவப்பு வெளிறித் தெரியும். அலெக்சாண்டிரைன் கிளிக்கு இன்னும் பருத்த சிவப்பு அலகு. ஆப்பிரிக்க சாம்பல் கிளிக்கும் சன் கோனூருக்கும் கறுப்பு. நீல-மஞ்சள் மக்காவுக்கு இரண்டு அலகும் கறுப்பு. ஆனால் சிவப்பு மக்காவுக்கு மேலலகு வெளிறிய தந்த நிறம், கீழலகு கறுப்பு. இதைப் பார்த்து ‘மேலே நிறம் போய்விட்டது’ என்று பயப்பட வேண்டாம். குடை காக்கட்டூவுக்குக் கறுப்பு, கலா காக்கட்டூவுக்கும் கொரெல்லாவுக்கும் வெளிர் நிறம். எக்லெக்டஸில் ஆணுக்கு மேலலகு ஆரஞ்சு, பெண்ணுக்கு முழுக் கறுப்பு. இரண்டின் குஞ்சுகளுக்கும் மங்கிய பழுப்பாக இருந்து வளர வளர மாறும். பீச் முக லவ்பேர்டின் (இது பட்ஜி அல்ல, வேறு இனம்) குஞ்சுக்கு அலகின் அடியில் மை பூசியது போலக் கறுப்புத் திட்டு இருக்கும், சில மாதங்களில் தானாக மறைந்துவிடும். அதை அழுக்கு என்று துடைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வடிவமும் அப்படித்தான். நீள்அலகு கொரெல்லாவின் மேலலகு பார்ப்பதற்கு வளர்ந்துவிட்டது போலவே இருக்கும். கிழங்கும் வேரும் தோண்டித் தின்னும் பறவைக்கு அதுதான் சரியான நீளம். பனைக் காக்கட்டூவின் அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும், நாக்கும் தெரியும். பட்ஜிக்கு நேர்மாறு. அலகு குட்டை, முகத்து இறகுக்குள் பாதி புதைந்திருக்கும். பட்ஜியின் அலகு வெளியே நீண்டு தனியாகத் தெரிந்தாலே சந்தேகப்படலாம்.

பட்ஜி என்று வந்ததால் மூக்குப்பட்டையையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த ஆணுக்கு மூக்குப்பட்டை நீலம். பெண்ணுக்கு வெளிர் நீலமும் வெண்மையும் கலந்து, நாசித்துளையைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் பழுப்பாகி, தடித்து, சொரசொரப்பாகிவிடும். அந்தப் பழுப்பு அடுக்கு பிறகு தகடு தகடாக உதிர்வதும் இயல்பு. அடுக்கு மிகவும் தடித்து நாசித்துளையை அடைத்தால் மட்டும் மருத்துவர் ஊறவைத்து எடுத்துவிடுவார். லுட்டினோ (முழு மஞ்சள்), அல்பினோ (முழு வெள்ளை) ஆண்களுக்கு ஆயுள் முழுக்க இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவே இருக்கும், ஆகவே அவற்றில் நீலத்தைத் தேட வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு. நீலமாக இருந்த ஆணின் மூக்குப்பட்டை பழுப்பாக மாறினால் விரையில் கட்டி இருக்கலாம். கட்டியிலிருந்து பெண் ஹார்மோன் சுரப்பதால் வரும் மாற்றம் அது. நடுவயது ஆண் பட்ஜிகளில் இதைப் பார்க்கலாம்; வெளியே தெரியும் முதல் அடையாளம் பெரும்பாலும் இந்த நிறமாற்றம்தான்.

நாசித்துளையைப் பற்றி ஒரு வேண்டுகோள். துளைக்குள் எட்டிப் பார்த்தால் உருண்டையாக ஒரு சின்ன மேடு தெரியும். அது உடம்பின் பாகம், தூசி நேராக உள்ளே போகாமல் தடுக்கும் மூடி. விதை சிக்கியிருக்கிறது என்று நினைத்து ஊசியாலும் பல்குச்சியாலும் நோண்டிக் காயப்படுத்தியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு துளையும் ஒரே அளவா, காய்ந்த சளி இருக்கிறதா, மேலே உள்ள இறகு ஈரமாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மாவு

காக்கட்டூ, காக்கட்டீல், ஆப்பிரிக்க சாம்பல் கிளி மூன்றுக்கும் பொடி இறகுகள் உண்டு. அந்த இறகுகள் உதிர்ந்து வெள்ளை மாவாகி உடம்பெல்லாம் பரவும். கிளி தன்னைக் கோதிக்கொள்ளும்போது அந்த மாவு அலகிலும் படியும். அதனால் கறுப்பு அலகுள்ள ஒரு காக்கட்டூவின் அலகு உண்மையில் சாம்பல் நிறமாகத்தான் தெரிய வேண்டும். விரல் நுனியால் அலகின் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும், கோடு இழுத்த இடத்தில் பளபளவென்று கறுப்புத் தெரியும். மறுநாள் பார்த்தால் அந்தக் கோடு மறைந்திருக்கும்.

குளித்து முடித்த அன்று பளபளப்பது இயல்பு. குளிக்காமலேயே, நாள் கணக்கில், காக்கட்டூவின் அலகு எண்ணெய் தடவியது போல மின்னுகிறது என்றால் அழகு என்று மகிழாதீர்கள். பொடி இறகுகள் உருவாகவில்லை என்று பொருள். அலகும் இறகும் கெடும் வைரஸ் நோய் ஒன்று உண்டு, பி.பி.எஃப்.டி. என்பார்கள், சர்க்கோவைரஸால் வருவது. அதில் முதலில் பழுதாகும் இறகுகளில் பொடி இறகும் ஒன்று. பிறகு புது இறகுகள் கோணலாக, நுனி கிள்ளியது போல முளைக்கும். காக்கட்டூக்களில் அலகு நீண்டு, பிளந்து, வாயின் மேலண்ணம் அழுகும் நிலைக்கும் போகலாம். ரத்தமும் இறகும் எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்வார்கள். முடிவு வரும்வரை மற்ற பறவைகளிடமிருந்து தள்ளிவைக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பொடியிலேயே வைரஸ் பரவும்.

உரிவதும் கீறுவதும்

இயல்பாக உரிவது எப்படி இருக்கும்? மெல்லிய, ஒளி ஊடுருவும் செதில்கள், பெரும்பாலும் மேலலகின் பக்கவாட்டில். வெங்காயத் தோலைப் போல ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். கீழே புது அடுக்கு மழமழப்பாக இருக்கும். குச்சியில் இரண்டு தடவை தேய்த்தால் கழன்றுவிடும். வெயிலில் காய்ந்த மண் போல நுணுக்கமான மேல்கீறல்கள் மக்காவ் அலகில் சாதாரணம். விளிம்பில் கடுகளவு சில்லு பெயர்வதும் கொட்டை உடைக்கும் பறவைக்கு அன்றாடம்.

இதைத் தாண்டியது எப்படி இருக்கும்? செதில் தடித்து அடுக்கடுக்காகச் சேர்கிறது, உதிர்வதில்லை. விரலால் அழுத்தினால் அலகு மெத்தென்று இருக்கிறது. செதிலுக்குக் கீழே மழமழப்பு இல்லாமல் பொடிப்பொடியாக உதிர்கிறது. இப்படி இருந்தால் முதலில் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பாருங்கள். விதை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறையும். கெரட்டின் ஒழுங்காக உருவாக அந்த வைட்டமின் வேண்டும். கேரட், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கரும்பச்சைக் கீரைகளில் அதற்கான மூலப்பொருள் இருக்கிறது. தரமான பெல்லட் உணவை (கிளிகளுக்கென்று கடையில் கிடைக்கும் உருண்டைத் தீவனம்) அடிப்படையாக வைத்து இவற்றைத் தினமும் சேர்த்தால் போதும். வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பறவை எவ்வளவு குடித்தது என்று கணக்கு இல்லை, தண்ணீரும் சீக்கிரம் கெட்டுப்போகும், வைட்டமின் ஏ கூடிப்போனாலும் கெடுதல். உணவை மாற்றிய பிறகும் பொறுமை வேண்டும். நல்ல கெரட்டின் அடியில் தொடங்கி நுனி வரை வர மாதங்கள் ஆகும்.

குறுக்கே ஓடும் ஒரு பள்ளமோ மேடோ, அந்தக் கெரட்டின் உருவான காலத்தில் உடல்நலமின்மையோ ஊட்டக்குறைவோ இருந்ததைக் காட்டலாம். நம் நகத்தில் காய்ச்சலுக்குப் பிறகு கோடு விழுவதைப் போல. நாசித்துளையிலிருந்து தொடங்கி நுனியை நோக்கி நீளவாக்கில் வாய்க்கால் போல ஓடும் பள்ளம் வேறு வகை. மூக்கில் நாள்பட்ட தொற்று இருந்து வளரும் இடத்தைக் கெடுத்திருக்கிறது. அந்தத் துளை மற்றதைவிடப் பெரிதாகவும் இருக்கும். அலகை எவ்வளவு இழைத்தாலும் அந்தப் பள்ளம் திரும்ப வரும், மூக்கைக் குணப்படுத்தாதவரை.

‘விரிசல்’ என்று பயப்படுவதில் ஒரு பங்கு உண்மையில் காய்ந்த சாப்பாடு. கீழலகின் ஓரத்திலும் மேலலகின் உட்புறப் படியிலும் பெல்லட் மாவு சிமெண்டு போல ஒட்டிக் காயும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றிப் பாருங்கள். பீட்ரூட் தின்ற பிறகு அலகில் ரத்தக் கறை தெரிந்தாலும் இதே சோதனைதான். துடைத்தால் போகிறதா? போனால் பீட்ரூட்.

துடைத்தாலும் போகாத, உறைக்கு அடியில் தெரியும் சிவப்பு, ஊதா அல்லது கருஞ்சிவப்புப் புள்ளிகள் ரத்தக்கட்டு. ஒரே ஒரு புள்ளி என்றால் எங்காவது மோதியிருக்கலாம். பல புள்ளிகள், நகங்களிலும் அதே போல, அலகும் வழக்கத்தைவிட வேகமாக நீள்கிறது, பறவை குண்டாகவும் இருக்கிறது என்றால் கல்லீரல். கொழுப்பு நிறைந்த விதைகளையே தின்று, பறக்க இடமின்றி உட்கார்ந்திருக்கும் பட்ஜியிலும் அமேசானிலும் இது அடிக்கடி. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்ததும் அங்கே உருவாக வேண்டிய ரத்தம் உறையவைக்கும் பொருட்கள் குறைகின்றன. புள்ளிகள் அதனால்தான்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. அலகு நீண்டுவிட்டது என்று நகவெட்டியை எடுத்து வீட்டிலேயே நறுக்குகிறார்கள். ரத்தம் உறையாத பறவையின் அலகை நறுக்கினால் ரத்தம் நிற்காது. பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம்தான், அதன் உடம்பில் இழப்பதற்கு எவ்வளவு ரத்தம் இருக்கப் போகிறது? ரத்தம் வராவிட்டாலும் நகவெட்டியின் அழுத்தத்தில் உறை நீளவாக்கில் பிளக்கும். மருத்துவர்கள் சுழலும் அரக்கருவியால் கொஞ்சம் கொஞ்சமாக, சூடேறாமல் நிறுத்தி நிறுத்தித் தேய்ப்பார்கள். தேய்ப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை கேட்டால் காசு பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள். கேட்காமல் தேய்த்து அனுப்புபவரைப் பற்றித்தான் நான் யோசிப்பேன். நல்ல கிளிக்கு வாழ்நாள் முழுக்க அலகு வெட்டத் தேவையே இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கிறது என்றால் காரணத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பட்ஜியில் இன்னொரு கோளாறு கண்ணுக்கு எளிதில் பிடிபடும். வாயோரத்திலும் மூக்குப்பட்டையிலும் வெள்ளையாக, தேன்கூடு போலத் துளைத் துளையான பொருக்கு. செதில் பூச்சி என்பார்கள், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகை, கெரட்டினைக் குடைந்து வாழ்வது. கவனிக்காமல் விட்டால் வளரும் இடம் சிதைந்து அலகு நிரந்தரமாகக் கோணிவிடும். ஐவர்மெக்டின் போன்ற மருந்து நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மாட்டுக்கும் நாய்க்கும் வாங்கிய பாட்டிலிலிருந்து உத்தேசமாக ஒரு சொட்டு வைப்பது உயிருக்கே ஆபத்து. எடை பார்த்து, மருந்தை நீர்க்கச் செய்து, மருத்துவர் கொடுக்க வேண்டும். இடைவெளி விட்டு மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். பொருக்கின்மேல் எண்ணெய் தடவினால் அது முகத்து இறகெல்லாம் பரவி ஒட்டிக்கொள்ளும்.

நேராக இருக்கிறதா

முன்பக்கம் இருந்து பார்க்கும்போது நெற்றியின் நடுவிலிருந்து மேலலகின் முகடு வழியாக ஒரு நூல் பிடித்தால், அது நுனியில் முடிந்து கீழலகின் நடுவில் விழ வேண்டும். மேலலகு ஒரு பக்கமும் கீழலகு மறுபக்கமும் விலகினால் கத்தரி அலகு. கையால் ஊட்டி வளர்க்கும் மக்காவ் குஞ்சுகளில் அதிகம். எப்போதும் ஒரே பக்கமாக ஊட்டுவதும் காரணமாகச் சொல்லப்படுகிறது. மேலலகு கீழலகுக்குள் போய் மாட்டிக்கொள்வது இன்னொன்று, காக்கட்டூ குஞ்சுகளில் வருவது. குஞ்சின் அலகு இன்னும் இளகலாக இருக்கும் சில வாரங்களில் மருத்துவர் காட்டித் தரும் முறையில் தினமும் சில நிமிடம் விரலால் மெல்ல அழுத்தியே திருப்பிவிடலாம். எலும்பு கெட்டியான பிறகு அலகைச் சரியான பக்கம் தள்ளும் செயற்கைச் சரிவு ஒன்றைப் பொருத்த வேண்டியிருக்கும், அதிலும் தாமதித்தால் ஆயுள் முழுக்கத் தேய்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். கோணிய அலகில் உளியும் அரமும் சந்திப்பதில்லை அல்லவா, தேயாமல் வளர்ந்துகொண்டே போகும். மக்காவ் குஞ்சின் அலகோரத்தில் உப்பலாக இருக்கும் மெத்தைகள் மட்டும் கோளாறல்ல. தாய் ஊட்டுவதற்காக அமைந்தவை, வளர்ந்ததும் காணாமல் போகும்.

மாதம் ஒருமுறை மூன்று படம் எடுத்து வையுங்கள்: நேர் முன்னால், இடப்பக்கம், வலப்பக்கம். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே தூரம், பிளாஷ் இல்லாமல். அன்றே சமையல் தராசில் கிராம் கணக்கில் எடையும் பார்த்து எழுதி வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு 2 மில்லிமீட்டர் வளர்ச்சி தெரியாது. ஜனவரிப் படத்தையும் ஜூன் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். வாயைப் பலவந்தமாகத் திறந்து உட்புறம் பார்க்க முயல வேண்டாம். கொட்டாவி விடும்போதும் பெரிய கொட்டையைக் கவ்வும்போதும் எல்லாம் தெரியும், காத்திருந்தால் போதும்.

அடிபட்டால்

இன்னொரு கிளி கடித்தோ, கண்ணாடியில் மோதியோ அலகு உடைந்தால், முதலில் ரத்தம். சுத்தமான துணியில் சோளமாவு தொட்டு, நாசித்துளையை மூடாமல், உடைந்த இடத்தில் சில நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நகத்துக்குப் போடும் ரத்தம் நிறுத்தும் பொடியை அலகில் போடக் கூடாது. வாய்க்குள் போனால் உட்புறத்தைப் பொசுக்கிவிடும். உடைந்த துண்டை வீட்டுப் பசையால் ஒட்டுவது வேண்டவே வேண்டாம். கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும், பசையின் ஆவியும் பறவையின் நுரையீரலுக்கு ஆகாது. கூண்டை வெதுவெதுப்பாக, மங்கிய வெளிச்சத்தில் வைத்து, அன்றே மருத்துவரிடம் போங்கள். ஊறவைத்த பெல்லட், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளி போன்ற மென்மையான உணவைக் கொடுங்கள். வலி இருந்தால் கிளி விதைக் கிண்ணத்தின் முன் நின்று தின்பது போலப் பாவனை செய்யும். தோல் உரிந்து கிடக்கிறதா, முழு விதை அப்படியே இருக்கிறதா என்று கிண்ணத்தின் அடியைக் கிளறிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

திரும்ப வளருமா என்பது எது உடைந்தது என்பதைப் பொறுத்தது. உறை மட்டும் பெயர்ந்து, அடியில் வளரும் இடம் தப்பியிருந்தால் வளரும். எலும்பு போனது போனதுதான். மேலலகு பாதி இழந்த கிளிகள்கூட மென்மையான உணவில் பழகி வருடக்கணக்கில் வாழ்வதுண்டு. கீழலகின் நுனி உடைந்த கிளிக்கு மேலலகை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், எதிரே உரசும் உளி இல்லாததால் அது நிற்காமல் நீளும்.